இரண்டு இரும்புக் குழாய்கள்

நம் சங்கத்து அன்பர்களில், அமெரிக்காவில் மகனோ மகளோ இல்லாத குடும்பம் இன்று குறைவு. விடுமுறைக்கு வரும் பேரப் பிள்ளைகள் ஜார்ஜ் வாஷிங்டன், ஆபிரகாம் லிங்கன் என்று சரளமாகப் பேசுகிறார்கள். பெரியவர்களாகிய நாமோ, அது ஏழு கடலுக்கு அப்பாலுள்ள கதை, நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று எழுந்து போய்விடுகிறோம். சம்பந்தம் உண்டு. அதுவும் நாம் குடியிருக்கும் இந்தப் பெங்களூருக்கே உண்டு.

நான் வரலாறு படித்தவன் அல்லன். பொறியியலில் டிப்ளமோ பெற்று, ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆகவே அரசர்களையும் தளபதிகளையும் விட, இரும்பும் குழாயும்தான் என் கண்ணில் முதலில் படும். இந்த மண்ணில் உருவான இரண்டு இரும்புக் குழாய்கள் அமெரிக்கப் போர்க்களங்கள் வரை போன கதையை, வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லும் விதமாக இங்கே எழுதுகிறேன்.

ஒரே எதிரி, இரண்டு போர்க்களங்கள்

முதலில் காலத்தைச் சரியாக நிறுத்திக்கொள்வோம். அமெரிக்காவின் பதின்மூன்று குடியேற்றங்கள் இங்கிலாந்தை எதிர்த்துப் போரிட்டது 1775 முதல் 1783 வரை. அதே ஆண்டுகளில் இங்கே மைசூரை ஆண்ட ஐதர் அலியும், அவர் மகன் திப்பு சுல்தானும் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியோடு மோதிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டுக்கும் நடுவே பணத்தின் வழியாகவும் ஒரு தொடர்பு இருந்தது. 1769ஆம் ஆண்டு ஐதர் அலி தம் குதிரைப் படையோடு சென்னைப் பட்டணத்தின் வாசல் வரை வந்து, கம்பெனியைச் சமாதானத்துக்குப் பணிய வைத்தார். அந்தச் செய்தி லண்டனுக்குப் போனதும் கம்பெனியின் பங்கு விலை சரிந்தது. அடுத்து வங்காளத்துப் பெரும் பஞ்சம், 1772ஆம் ஆண்டின் லண்டன் வங்கி நெருக்கடி என்று அடிமேல் அடி. கடனில் மூழ்கிய கம்பெனியைக் கைதூக்கிவிட, அதன் கிடங்கில் தேங்கிக் கிடந்த தேயிலையை அமெரிக்காவில் விற்க 1773ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. அந்தத் தேயிலைப் பெட்டிகள் 342ஐத்தான் பாஸ்டன் நகரத்தார் 1773 டிசம்பர் 16 அன்று இரவு கடலில் கொட்டினார்கள். கொட்டியது சீனத் தேயிலை. ஆனால் அதை விற்க வந்த கம்பெனி, நம் சென்னைக் கோட்டையில் கடை விரித்திருந்த அதே கம்பெனி.

அமெரிக்கர்களுக்கும் இது தெரிந்தே இருந்தது. ஆங்கிலேயரைத் திணற அடிக்கும் இந்திய மன்னர் என்று ஐதர் அலியின் பெயர் அங்கே பிரபலமாயிற்று. பென்சில்வேனியா மாநிலத்தார் ஒரு போர்க் கப்பலுக்கு ஐதர் அலி என்றே பெயர் வைத்தார்கள். 1782 ஏப்ரல் 8 அன்று டெலவேர் விரிகுடாவில் அந்தக் கப்பல், தன்னைவிட வலுவான ஜெனரல் மங்க் என்ற ஆங்கிலக் கப்பலை அரை மணி நேரத்துக்குள் மடக்கிப் பிடித்தது. கப்பலின் தலைவர் ஜோஷுவா பார்னி என்ற இளைஞர். இவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முப்பத்திரண்டு ஆண்டு கழித்து இன்னொரு முறை வருவார்.

அமெரிக்கர்களுக்குத் துணையாகப் போரில் இறங்கிய பிரெஞ்சுக்காரர்கள், அந்தப் போரை நம் கடற்கரைக்கும் கொண்டுவந்தார்கள். 1783 ஜூன் மாதம் கடலூரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் தரையிலும் கடலிலும் மோதினார்கள். ஐரோப்பாவில் சமாதானம் பேசி முடித்தாயிற்று என்ற செய்தி கப்பலில் வந்து சேர்ந்த பிறகே சண்டை நின்றது. அமெரிக்கச் சுதந்திரத்துக்காகத் தொடங்கிய ஒரு போரின் கடைசிச் சண்டைகளில் ஒன்று தென்னார்க்காட்டுக் கடலோரத்தில் நடந்தது என்பதை நம் பிள்ளைகள் எந்தப் பாடப் புத்தகத்தில் படிக்கிறார்கள்?

தோற்றவர் இங்கே வந்தார்

1781 அக்டோபர் 19 அன்று வர்ஜீனியாவில் யார்க்டவுன் என்ற ஊரில், காரன்வாலிஸ் பிரபு ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களோடு வாஷிங்டனிடம் சரணடைந்தார். உடல் நலமில்லை என்று சொல்லி அவர் நேரில் வரவில்லை. தமக்கு அடுத்த நிலையிலிருந்த ஓஹாரா என்ற தளபதியை அனுப்பி வைத்தார். வாஷிங்டனும் அதற்கு ஏற்றபடி, தமக்கு அடுத்தவரான பெஞ்சமின் லிங்கனைக் கைகாட்டிவிட்டார்.

இப்படித் தோற்றவரை ஆங்கில அரசு ஒதுக்கிவிடவில்லை. 1786ஆம் ஆண்டு அவரையே இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக அனுப்பியது. 1787ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் அமெரிக்கர்கள் தங்கள் அரசியல் சட்டத்தை எழுதிய போதும், 1789ஆம் ஆண்டு வாஷிங்டன் முதல் ஜனாதிபதியாகப் பதவி ஏற்ற போதும், அவரிடம் தோற்றவர் கல்கத்தாவில் ஆட்சி செய்துகொண்டிருந்தார்.

1791ஆம் ஆண்டு அவரே படையோடு பெங்களூருக்கு வந்தார். மார்ச் 7 அன்று பேட்டை விழுந்தது. மார்ச் 21 இரவு கோட்டைச் சுவரை உடைத்துக்கொண்டு படை உள்ளே புகுந்தது. கோட்டையின் கில்லேதார் பகதூர் கான் சண்டையிட்டு மாண்டார். சிட்டி மார்க்கெட் அருகே இன்றும் எஞ்சி நிற்கும் கோட்டையில், சுவர் உடைபட்ட இடத்தையும் தேதியையும் குறிக்கும் ஒரு கல்வெட்டைக் காணலாம். மெட்ரோ ரயிலில் வந்து இறங்கினால் நடக்கும் தூரம்தான்.

மறு ஆண்டு, 1792ல், ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கை ஏற்பட்டது. திப்பு தம் ராஜ்யத்தில் பாதியை இழந்தார். கம்பெனிக்குக் கிடைத்த பகுதிகளில் சேலம், பாராமகால், திண்டுக்கல் ஆகியவை அடக்கம். பாராமகால் என்பது இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம். நம்மில் பலருக்குச் சொந்த ஊர் அந்தப் பக்கம்தான். அந்த ஊர்கள் சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது யார்க்டவுனில் தோற்ற அதே மனிதரின் கையெழுத்தால்.

இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கம்பெனியின் சென்னைப் படையில் சிப்பாய்களாக நின்றவர்களில் பெரும் பகுதியினர் தமிழரும் தெலுங்கருமே. அவர்களைக் காட்டிக்கொடுத்தவர்கள் என்று இன்று நாம் திட்டுவது எளிது. 1780ஆம் ஆண்டு ஐதரின் படை ஆர்க்காட்டுச் சீமையில் புகுந்தபோது பயிரும் கிராமமும் எரிந்தன என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மாதம் தவறாமல் சம்பளம் தந்த பக்கம் அவர்கள் நின்றார்கள். அமெரிக்காவிலும் இப்படியே. எல்லாரும் சமம் என்று அறிவித்த அந்தக் குடியரசில் அடிமை முறை 1865 வரை நீடித்தது. 1814ஆம் ஆண்டு ஆங்கிலேயர் விடுதலை தருவதாகச் சொன்னபோது, தப்பி வந்த கறுப்பின அடிமைகள் பலர் ஆங்கிலப் படையில் சேர்ந்து தங்கள் பழைய எஜமானர்களை எதிர்த்துப் போரிட்டார்கள். யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று கேட்கும்போது, ஏன் நின்றார்கள் என்றும் சேர்த்துக் கேட்பதே நியாயம்.

முதல் குழாய்

இப்போது என் துறைக்கு வருகிறேன். 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படையை ஐதரும் திப்புவும் முறியடித்தார்கள். ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறியது தோல்விக்கு ஒரு பெரிய காரணம். வண்டிகளை வெடிக்கச் செய்தவை மைசூர் ராக்கெட்டுகளே என்று பலர் எழுதியிருக்கிறார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இந்தப் போரின் ஓவியத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம்.

ராக்கெட் என்பது புதிதல்ல. தீபாவளி வாணமும் ராக்கெட்தான். மைசூரார் செய்த மாற்றம் ஒன்றே: காகித அட்டைக் குழாய்க்குப் பதில் இரும்புக் குழாய். கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் நீராவி என்ஜின் பாய்லரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு அதன் அருமை விளங்கும். மருந்து எரியும்போது உள்ளே வாயு அழுத்தம் ஏறுகிறது. அந்த வாயு பின்புறத் துளை வழியே பீறிட்டு வெளியேறும் வேகமே ராக்கெட்டை முன்னே தள்ளுகிறது. அட்டைக் குழாயில் மருந்தை அதிகம் கெட்டித்தால் குழாயே கிழிந்துவிடும். அடித்து வளைத்த நல்ல இரும்பு அதிக அழுத்தத்தைத் தாங்கும். ஆகவே மருந்தை இறுகக் கெட்டிக்கலாம், தூரமும் கூடும். நேராகப் பறக்க நீண்ட மூங்கில் கழியைச் சேர்த்துக் கட்டினார்கள். பெங்களூர்ப் பேட்டையில் தாரமண்டல் பேட்டை என்று ஒரு பகுதி உண்டு. அங்கே ராக்கெட் பட்டறைகள் இருந்தன என்பது ஆய்வாளர்கள் கருத்து. மைசூர் ராக்கெட்டுகளைப் பற்றி ஆராய்ந்து எழுதியவர்களில் முக்கியமானவர், இதே பெங்களூரில் வாழ்ந்த விமானவியல் விஞ்ஞானி ரோத்தம் நரசிம்மா. 2018ஆம் ஆண்டு சிவமொக்கா மாவட்டத்து நகரா கோட்டையில் ஒரு பாழுங்கிணற்றைத் தோண்டியபோது, துருப்பிடித்த ராக்கெட் குழாய்கள் ஆயிரத்துக்கும் மேல் கிடைத்தன.

1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. அங்கே அகப்பட்ட ராக்கெட்டுகளின் மாதிரிகள் லண்டன் அருகே வூல்விச் ஆயுதச் சாலைக்குப் போயின. அங்கே வில்லியம் காங்கிரீவ் என்பவர் 1804 வாக்கில் சோதனைகளைத் தொடங்கினார். எத்தனை எடைக் குழாய்க்கு எத்தனை மருந்து, எவ்வளவு நீளக் கழி, எத்தனை கோணத்தில் ஏவினால் எவ்வளவு தூரம் என்று அளந்து அட்டவணை போட்டார். அளவு வாரியாக வகைப்படுத்தித் தொழிற்சாலையில் செய்தார். புத்தகமும் எழுதினார். 1807ஆம் ஆண்டு கோபன்ஹேகன் நகரம் அந்த ராக்கெட்டுகளால் பற்றி எரிந்தது. உலகம் அவற்றைக் காங்கிரீவ் ராக்கெட் என்று அழைத்தது.

1812 ஜூன் மாதம் அமெரிக்கா மீண்டும் இங்கிலாந்தின் மேல் போர் தொடுத்தது. ஆங்கிலக் கடற்படை அமெரிக்க மாலுமிகளைப் பிடித்துக்கொண்டு போய்த் தன் கப்பல்களில் வேலை வாங்கியதும், அமெரிக்க வாணிகத்தைத் தடுத்ததும் முக்கியக் காரணங்கள். மேற்கே செவ்விந்தியர் நிலங்களின் மேலிருந்த ஆசையும் இன்னொரு காரணம். 1814 ஆகஸ்ட் 24 அன்று வாஷிங்டன் நகருக்கு வெளியே பிளேடன்ஸ்பர்க் என்ற ஊரில் இரு படைகளும் சந்தித்தன. சீறிக்கொண்டு வந்த ராக்கெட்டுகளைக் கண்டு, பயிற்சி போதாத அமெரிக்கத் தொண்டர் படை சிதறி ஓடியது. ஓடாமல் நின்று போரிட்டவர்களில் ஒரு கூட்டம் பீரங்கிகளோடு வந்த கப்பல் மாலுமிகள். அவர்களுடைய தலைவர் அன்று காயம்பட்டுப் பிடிபட்டார். அவர் பெயர் ஜோஷுவா பார்னி. ஆம், ஐதர் அலி கப்பலின் அதே தலைவர்! இளமையில் ஐதர் பெயரைத் தாங்கிய கப்பலில் வென்றவர், முதுமையில் ஐதர் படையின் ஆயுதத்திலிருந்து பிறந்த ராக்கெட்டுகளின் எதிரே நின்றார். அன்றிரவு ஜனாதிபதி மாளிகையும் பாராளுமன்றக் கட்டடமும் எரிந்தன.

அடுத்த மாதம், செப்டம்பர் 13, 14 தேதிகளில், பால்டிமோர் துறைமுகத்தைக் காத்து நின்ற மெக்ஹென்றி கோட்டையை ஆங்கிலக் கப்பல்கள் சுமார் இருபத்தைந்து மணி நேரம் தாக்கின. எரிபஸ் என்ற கப்பல் ராக்கெட்டுகளை ஏவியது. உண்மையைச் சொன்னால் ராக்கெட்டுகளால் கோட்டைக்குப் பெரிய சேதம் இல்லை; குறி தவறுவது அவற்றின் பிறவிக் குணம். கோட்டை விழவில்லை. கைதி ஒருவரை விடுவிக்கப் பேச வந்து, ஆங்கிலேயரின் காவலில் கப்பலில் இருந்த பிரான்சிஸ் ஸ்காட் கீ என்ற வக்கீல் இதையெல்லாம் இரவு முழுதும் பார்த்துக்கொண்டிருந்தார். விடிந்தபோது கொடி இன்னும் பறப்பதைக் கண்டு ஒரு பாடல் எழுதினார். 1931ஆம் ஆண்டு அதுவே அமெரிக்காவின் தேசிய கீதமாயிற்று. அந்தக் கீதத்தில் ராக்கெட்டுகளைப் பற்றிய குறிப்பும் வருகிறது. நம் பேரப் பிள்ளைகள் பள்ளியில் எழுந்து நின்று அதைப் பாடும்போது, அந்த ராக்கெட்டின் பாட்டனார் ஊர் எது என்று அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டாமா?

இரண்டாம் குழாய்

இரண்டாவது கதையில் அமெரிக்காவின் பொருள் ஒன்றும் முதலில் வருகிறது: முள்கம்பி. இலினாய் மாநிலத்து விவசாயி ஜோசப் கிளிடன் 1874ஆம் ஆண்டு முள்கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். மாடு வயலில் புகாமல் வேலி போடத்தான் அது. ஆனால் மாட்டைத் தடுப்பது மனிதனையும் தடுக்குமல்லவா? தென்னாப்பிரிக்க போயர் போரிலும், 1904ல் தொடங்கிய ரஷ்ய ஜப்பானியப் போரிலும் முள்கம்பி போர்க்களத்துக்கு வந்துவிட்டது. அதை வெட்டப் போகிற வீரன் எதிரியின் துப்பாக்கிக்கு எதிரே எழுந்து நிற்க வேண்டும்; எழுந்தால் உயிர் போகும்.

இதற்கு வழி கண்டது பெங்களூரில். சென்னை சாப்பர்ஸ் படைப்பிரிவில் இருந்த காப்டன் மெக்ளின்டாக் என்ற ஆங்கிலப் பொறியாளர், 1912ஆம் ஆண்டு ஓர் உபாயத்தை வகுத்தார். சுமார் ஐந்தடி நீளமுள்ள இரும்புக் குழாய்களில் வெடிமருந்தை நிரப்ப வேண்டும். ஒன்றோடு ஒன்றைப் பொருத்தி நீளமாக்கிக்கொண்டே போகலாம். படுத்த நிலையிலேயே அதைக் கம்பிக்கு அடியில் தள்ளலாம். நுனி கம்பியில் சிக்காமலிருக்க உருண்டையான மூடி. வெடித்தால் குழாயின் நீளம் முழுதும் கம்பி அறுந்து வழி திறக்கும். இதற்குப் பெங்களூர் டார்பிடோ என்றே பெயர் வைத்தார்கள்.

சென்னை சாப்பர்ஸ் படை தொடங்கியது 1780ஆம் ஆண்டு செப்டம்பரில், பொள்ளிலூர்த் தோல்வி நடந்த அதே மாதத்தில். இன்று மெட்ராஸ் என்ஜினியர் குரூப் என்ற பெயரில் அல்சூர் ஏரிக்கு அருகில் இருக்கிறது. அந்தப் படையின் வீரர்களுக்கு ராணுவத்தில் செல்லப் பெயர் தம்பி. ஆம், நம் தமிழ்ச் சொல்தான். கன்டோன்மென்டில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வேரூன்றியதற்கு, 1809ல் அந்தக் கன்டோன்மென்ட் ஏற்பட்டதும், பட்டாளத்தைத் தொடர்ந்து நம்மவர் வந்ததும் முதற் காரணம்.

1944 ஜூன் 6 அன்று அமெரிக்கப் படைகள் பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்கின. ஒமாகா என்று பெயரிட்ட கடற்கரையில் ஜெர்மானியர் முள்கம்பியும் கண்ணிவெடியும் நிறைத்து வைத்திருந்தார்கள். மணலில் படுத்தபடி அமெரிக்க வீரர்கள் தள்ளிய குழாய்கள் நம் பெங்களூர்க் குழாய்கள்தான். அவர்கள் டார்பிடோ என்ற சொல்லைக்கூட விட்டுவிட்டு, பெங்களூர் என்றே அதை அழைத்தார்கள். 1962ல் வந்த தி லாங்கஸ்ட் டே, 1998ல் வந்த சேவிங் பிரைவேட் ரையன் ஆகிய படங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி நினைவிருக்கும். பெங்களூரை வரைபடத்தில் காட்டத் தெரியாத எத்தனையோ அமெரிக்க இளைஞர்களின் உயிரை அந்தப் பெயர் காத்தது.

அதே போரின்போது அமெரிக்கர்களும் இங்கே வந்தார்கள். 1940ல் வால்சந்த் ஹிராசந்த் மைசூர் அரசின் துணையோடு தொடங்கிய இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை, 1943 முதல் போர் முடியும் வரை அமெரிக்க விமானப் படையின் பொறுப்பில் இயங்கியது. அவர்களுடைய விமானங்கள் இங்கே பழுது பார்க்கப்பட்டன. போருக்குப் பின் அதே தொழிற்சாலையில் ரயில் பெட்டிகளும் செய்தார்கள் என்பது என்னைப் போன்ற ரயில்வேக்காரர்களுக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

யார் பெயர் நின்றது?

இவ்வளவையும் படித்த பிறகு எனக்கு ஒன்று உறுத்துகிறது. காங்கிரீவ் பெயர் தெரிகிறது; மெக்ளின்டாக் பெயர் தெரிகிறது. இரும்பைப் பழுக்கக் காய்ச்சிக் குழாயாக அடித்த மைசூர்க் கொல்லர் ஒருவர் பெயராவது தெரியுமா? 1912ல் குழாயைப் பொருத்தியும் வெடித்தும் பார்த்த நாட்களில் கூட நின்றிருக்கக்கூடிய தம்பிகள் யார்? பெயர் நின்றவர்கள் இருவரும் தாங்கள் செய்ததை அளந்து, எழுதி, அச்சில் ஏற்றியவர்கள். அவர்கள் திருடினார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு நாம் ஓய்ந்துவிட முடியாது.

பணிமனையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி, ஓசையை வைத்தே வெடிப்பு இருக்கிறதா இல்லையா என்று சொல்லும் பழைய தொழிலாளர்கள் இருந்தார்கள். எப்படித் தெரிகிறது என்று கேட்டால், "காதுக்குத் தெரியுது சார்" என்பார்கள். அவர்கள் ஓய்வு பெற்ற அன்று அந்த வித்தையும் கூடவே வாசலைத் தாண்டிப் போயிற்று. பிறகு அல்ட்ராசானிக் கருவி வந்தது. கருவியோடு கையேடும் வந்தது. கொல்லர் பட்டறையில் நடந்ததும் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

எழுதி வைத்தால் என்ன பயன் என்பதற்கும் ஒரு சாட்சி உண்டு. ராமேசுவரத்து அப்துல் கலாம் அவர்கள் 1960களில் ராக்கெட் பயிற்சிக்காக அமெரிக்காவின் வாலப்ஸ் தீவு ஏவுதளத்துக்குப் போயிருந்தார். அங்கே வரவேற்புக் கூடத்தில் ஒரு போர்க்கள ஓவியம். ராக்கெட் ஏவும் வீரர்கள் வெள்ளைக்காரர்களாக இல்லையே என்று உற்றுப் பார்த்தால், அது ஆங்கிலேயரோடு மோதும் திப்புவின் படை! தம் சுயசரிதையான அக்னிச் சிறகுகளில் இதை அவரே பதிவு செய்திருக்கிறார். 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து நம் நாட்டின் முதல் ஆராய்ச்சி ராக்கெட் கிளம்பியது. அது அமெரிக்கா கொடுத்த ராக்கெட். போன பொருள் சுற்றிக்கொண்டு வீடு திரும்பிய கணக்குத்தான்.

ஆகவே அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் குடும்பங்களில் சாப்பர்ஸ் படையில், விமானத் தொழிற்சாலையில், ரயில்வேயில், கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவர்கள் ஏராளம். பலர் இன்று எண்பதைத் தாண்டியவர்கள். அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் அடுத்த முறை வரும்போது, பெரியவர்களை உட்கார வைத்து, என்ன வேலை செய்தீர்கள், எந்தக் கருவியால் செய்தீர்கள், யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டுப் பெயர், ஊர், ஆண்டோடு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். பட்டாளத்து டிஸ்சார்ஜ் புத்தகமோ, பழைய பதக்கமோ பெட்டியில் இருந்தால் அதையும் படம் எடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். எழுதியதில் ஒரு பிரதியை நம் சங்க நூலகத்துக்கும் கொடுத்து உதவினால் நல்லது.